ராப்டர் 30 நைட்ரோ ஹெலி கிட்: கட்ட ஆரம்பிக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஈரோடு_ஹெலி

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா மகன் அண்ணன் இந்த முறை ஊருக்கு வந்தபோது, வருஷக்கணக்காகப் பரணில் கிடந்த ஒரு பெட்டியை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே தண்டர் டைகர் ராப்டர் 30 வி2 கிட், அதாவது பாகங்களை நாமே சேர்த்துக் கட்டும், நைட்ரோ எரிபொருள் எஞ்சினில் ஓடும் ரேடியோ ஹெலிகாப்டர். ஒரு பாக்கெட்கூடப் பிரிக்கவில்லை. கூடவே ஓ.எஸ். 37 ஹெலி எஞ்சின், சைலன்சர், வாலை நிலையாக வைக்கும் ஃபுட்டாபா ஜி.ஒய்.401 கைரோ, கட்டுப்பாடுகளை அசைக்கும் சர்வோ மோட்டார்கள் எல்லாம் இருக்கின்றன.

நான் 450 சைஸ் எலக்ட்ரிக் ஹெலி பறக்கவிடுகிறேன். ஹோவர் (காற்றில் ஒரே இடத்தில் நிற்பது), பக்கவாட்டு ஹோவர், மெதுவாக எட்டு போடுவது வரை வரும். எஞ்சின் ஹெலியைக் கையால் தொட்டதே இல்லை. கையேடு முழுக்கப் படித்துவிட்டேன். எதை எங்கே மாட்டுவது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் எலக்ட்ரிக்கில் பழகிய கை நைட்ரோவில் எங்கெங்கே தன் போக்கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது புரியவில்லை. இத்தனை வருஷம் கிடந்த கிட் என்பதால் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா? பிளேடுகளுக்குக் குறுக்கே நின்று ஹெலியை நிலைப்படுத்தும் ஃப்ளைபார் கம்பியை எடுத்துவிட்டு, அது இல்லாத ஃப்ளைபார்லெஸ் ஆக்கிவிடலாமா? எரிபொருளுக்கு எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்_பட்டறை

வாங்க தம்பி. நல்ல கிட் கிடைத்திருக்கிறது. ராப்டரின் பக்கச் சட்டங்கள் பிளாஸ்டிக் என்று குறைவாக நினைக்க வேண்டாம். அதிர்வைக் கொஞ்சம் தின்றுகொள்ளும், விழுந்தாலும் தாங்கும். பழகுகிறவருக்கு அது நல்லதுதான்.

எலக்ட்ரிக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்று கேட்டால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: அதிர்வு. மோட்டார் வழுக்கிக்கொண்டு சுற்றும். இங்கே ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் நிமிஷத்துக்கு பதினைந்தாயிரம் தடவைக்கு மேல் மேலும் கீழும் போய் வருகிறது. நீங்கள் முறுக்கிய ஒவ்வொரு திருகையும் அது ஓயாமல் தளர்த்தப் பார்க்கும். கட்டும்போது செய்கிற முக்கால்வாசி வேலை அதற்குத்தான்.

அதனால் உலோகத்துக்குள் உலோகம் போகிற திருகு எதுவாக இருந்தாலும் த்ரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) வேண்டும். நீல நிறம், நடுத்தர பிடிப்பு. சிவப்பு போடாதீர்கள், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. போடுவதற்கு முன் திருகையும் துளையையும் தின்னரிலோ ஐசோபுரொப்பைலிலோ கழுவிக் காயவிடுங்கள். புதுத் திருகில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதன் மேல் போட்டால் பிடிக்காது. ஒரு சொட்டு போதும். பேரிங் பக்கத்தில் போடும்போது குச்சி முனையால் தொட்டு வையுங்கள், உள்ளே வழிந்தால் பேரிங் போச்சு. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்கு த்ரெட்லாக் கிட்டவே வரக்கூடாது. சில பிளாஸ்டிக்கை அது நொறுங்கவைத்துவிடும்.

இன்னொன்று. எந்த கிட்டாக இருந்தாலும் சரி, தொழிற்சாலையிலேயே சேர்த்து வரும் பாகங்களையும் ஒருமுறை கழற்றி, துடைத்து, நாமே மாட்ட வேண்டும். "இது ரெடியாகத்தானே வந்திருக்கிறது" என்று எதையும் விடாதீர்கள். உங்கள் கை படாத திருகு அந்த ஹெலியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

அப்புறம் பிளேடைப் பிடித்திருக்கும் கிரிப்பில், பிளேடு வெளியே இழுக்கும் விசையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங். இரண்டு வளையம், நடுவில் குண்டுகள் உள்ள கூண்டு. வளையங்கள் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஸ்பிண்டிலில் (கிரிப் மாட்டும் அச்சு) போட்டுப் பாருங்கள். ஒன்று இறுக்கமாக உட்காரும், இன்னொன்று லேசாக ஆடும். உள்துளை பெரிதான, ஆடுகிற வளையம் ஹப் (தலையின் நடுப்பகுதி) பக்கம். இறுக்கமானது வெளியே, போல்ட் தலை பக்கம். மாறிப்போனால் வளையம் ஸ்பிண்டிலில் உரசும், சுழலும்போது பிட்ச் (பிளேடின் சாய்கோணம்) மாற்றுவதே சர்வோவுக்குப் பாரமாகிவிடும். நடுவில் கிரீஸ் நன்றாக வையுங்கள். டெயில் கிரிப்பிலும் த்ரஸ்ட் பேரிங் இருந்தால் இதே கதைதான்.

சிங்கை_சுழலி

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பரணில் கிடந்த கிட்டில் உலோகமும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ரப்பரை மட்டும் நம்பாதீர்கள். எரிபொருள் குழாய், டேங்க் வாயில் இருக்கும் க்ரோமெட் (ரப்பர் அடைப்பு வளையம்), டேங்க் உள்ளே எடைக்குண்டோடு தொங்கும் சின்னக் குழாய், ரோட்டார் தலையில் ஆட்டத்தை அடக்கும் டாம்பர் வளையங்கள், டெயில் பெல்ட் எல்லாவற்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, நகத்தால் அழுத்தினால் திரும்ப எழாமல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். சிலிக்கோன் குழாய்தான் வாங்க வேண்டும். பெட்ரோலுக்கு விற்கிற குழாய் மெத்தனாலுக்கு ஒத்துவராது.

பெல்ட்டை பூமுக்குள் (வால் குழாய்க்குள்) விடும்போது கால் திருப்பு திருப்பித்தான் டெயில் புல்லியில் மாட்ட வேண்டும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து டெயில் ரோட்டார் சுற்றும் திசையே மாறிவிடும். மாட்டியதும் மெயின் ரோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றி, டெயில் கையேட்டில் உள்ள அம்புக்குறிப் பக்கம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போங்கள்.

நீங்கள் 450-லிருந்து வருகிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் எலக்ட்ரிக்கில் மூன்று சர்வோவும் சேர்ந்து ஸ்வாஷ்பிளேட்டைத் (சர்வோ அசைவை பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு) தூக்கும், 120 டிகிரி கலவை. ராப்டர் 30-இல் அது கிடையாது. எலிவேட்டருக்கு (முன்பின் சாய்வு) ஒரு சர்வோ, எய்லரானுக்கு (பக்கச் சாய்வு) ஒன்று, பிட்சுக்கு ஒன்று. கலவையெல்லாம் லீவர்களிலேயே நடக்கிறது. ரேடியோவில் பழைய மாடலை நகல் எடுத்து வேலையை ஆரம்பிக்காதீர்கள். புதிதாக ஒரு மாடல் திறந்து, ஸ்வாஷ் வகையை ஹெச்1 அல்லது நார்மல் என்று வையுங்கள்.

டொராண்டோ_பறவை

வணக்கம். நான் கொஞ்சம் மாறிச் சொல்லப்போறன். இந்தக் காலத்தில ஃப்ளைபாரைக் கட்டி மினக்கெடத் தேவையில்லை எண்டது என்ர கருத்து. நல்ல மூன்றச்சு கைரோ (மூன்று அச்சிலயும் ஆட்டத்தைச் சரிக்கட்டுறது) ஒன்று போட்டால் தலையில பாகம் பாதியாகக் குறையும், காற்றிலயும் வடிவாக நிக்கும். பழகுற ஆளுக்கு அதுதான் சுகம். உதிரிப்பாகமும் குறைவு.

லேத்_பட்டறை

டொராண்டோ தம்பி சொல்வது 600, 700 சைஸில் புது கிட் வாங்குகிறவருக்குச் சரி. இங்கே அது பொருந்தாது. ராப்டரை ஃப்ளைபார்லெஸ் ஆக்க வேண்டுமென்றால் தலையையே மாற்ற வேண்டும். அந்தப் பாகத்துக்கு அலைவதும் செலவும் தனி. அதோடு நைட்ரோவின் அதிர்வு மூன்றச்சு கைரோவின் உணரிகளைக் குழப்பக்கூடியது. அடியில் எந்தப் பஞ்சு ஒட்டுவது, எங்கே வைப்பது என்று தேடுவதே ஒரு தனி வேலை. எஞ்சினையே இன்னும் பழகாத ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு புதிர் எதற்கு?

ஃப்ளைபார் இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கட்டும்போதுதான் ஹெலிகாப்டர் எப்படி நிலையாக நிற்கிறது என்பது கைக்குப் புரிகிறது. ஆர்தர் யங் பெல் கம்பெனிக்காகச் செய்த எடைக்கம்பி அமைப்பில் பைலட்டின் அசைவு பிளேடுக்கே நேராகப் போனது. ஸ்டான்லி ஹில்லர் கம்பி நுனியில் சின்ன இறக்கைகளை வைத்து, பைலட் அந்த இறக்கையைத் திருப்ப, அது பிளேடைத் திருப்பும்படி செய்தார். முதலாவதில் வேகமான பதில், இரண்டாவதில் நிதானம். நம் மாடல்களில் இரண்டையும் கலக்கிறார்கள். அந்தக் கலவை நடக்கிற இடம்தான் தலையில் இருக்கும் மிக்சிங் ஆர்ம்கள். ஒரு பந்து இணைப்பைக் கையில் பிடித்து ஸ்வாஷ்பிளேட்டைச் சாய்த்துப் பாருங்கள். எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது என்று கண்ணெதிரே தெரியும். அந்த அறிவு நாளைக்கு ஃப்ளைபார்லெஸ் போனாலும் உதவும்.

டொராண்டோ_பறவை

தலையையே மாத்த வேணுமெண்டால் ஓம், அது வீண் செலவு. நான் 600 சைஸை மனசில வைச்சுச் சொன்னனான். இந்த கிட்டை உள்ளபடியே கட்டுங்கோ.

ஃப்ளைபார் கட்டும்போது கம்பி இரண்டு பக்கமும் ஒரே நீளமாக நிக்குதோ எண்டு காலிப்பரால் அளவுங்கோ, கண்ணால் அல்ல. பிறகு கம்பி நுனியில இருக்கிற இரண்டு இறக்கையும் ஒன்றுக்கொன்று சமதளமாக இருக்க வேணும். ஒரு இறக்கை அரை டிகிரி திரும்பி நிண்டாலும் ஹோவரில தலை தள்ளாடும்.

ஈரோடு_ஹெலி

எல்லாருக்கும் நன்றி. ஃப்ளைபாரே இருக்கட்டும். ரப்பர் பாகங்களைப் பார்த்தேன். பெல்ட் நன்றாக இருக்கிறது. குழாய்கள் கல்லாகிவிட்டன, உள்குழாய் உட்பட புதிது போட்டாயிற்று. டேங்க் க்ரோமெட் மட்டும் இங்கே கிடைக்கவில்லை, சொல்லி வைத்திருக்கிறேன். வரும்வரை பழையதையே வைத்துக் கட்டுகிறேன்.

பக்கச் சட்டம், மெயின் ஷாஃப்ட், தலை முடிந்தது. இனி எஞ்சினில் ஃபேனும் கிளட்சும் மாட்ட வேண்டும். லேத் அண்ணா, டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவி) வைத்துப் பார்க்க வேண்டும் என்று வேறொரு இழையில் எழுதியிருந்தீர்களே, அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறையில் கேஜ் இருக்கிறது, தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

லேத்_பட்டறை

ரொம்ப நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். நைட்ரோ ஹெலியில் நான் அதிகம் மெனக்கெடுகிற இடம் இதுதான்.

கிராங்க் ஷாஃப்ட் மேல் கூலிங் ஃபேன், அதன் மேல் கிளட்ச். இவை ஷாஃப்டின் மையத்தோடு ஒத்துச் சுற்ற வேண்டும். துளி விலகினாலும் அந்த வேகத்தில் எஞ்சின் முழுக்க நடுங்கும். அந்த நடுக்கம் டேங்கில் எரிபொருளை நுரைக்கவைக்கும், கைரோவைக் குழப்பும், கிளட்ச் லைனரைத் தின்னும். பிறகு நீங்கள் எஞ்சின் டியூனிங்கில் தப்பு என்று, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

எஞ்சினை வைஸில் மவுண்ட்டோடு பிடியுங்கள், வைஸ் வாயில் மரக்கட்டை வையுங்கள். எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். கேஜின் முனையை ஃபேன் ஹப்பின் சீவிய பரப்பில் தொடவைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் 0.05 மி.மீ.க்குள் ஆடினால் போதும், 0.03 என்றால் அருமை. அதிகமாக ஆடினால் ஹப்பைத் தளர்த்தி, கிராங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு ஹப்பை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி இறுக்கிப் பாருங்கள். இரண்டு பாகத்தின் சின்னச் சின்ன விலகலும் ஒன்றையொன்று கழிக்கிற இடம் ஒன்று எங்கேயாவது இருக்கும். அந்த இடம் கிடைத்ததும் மார்க்கர் பேனாவால் ஹப்பிலும் ஷாஃப்டிலும் ஒரு கோடு போட்டு வையுங்கள். அதன் பிறகு த்ரெட்லாக். பிறகு கிளட்ச் மாட்டி, அதன் விளிம்பிலும் இதேபோல் ஒருமுறை.

ஈரோடு_ஹெலி

பார்த்தாயிற்று. முதலில் முள் 0.11 காட்டியது. கால் சுற்று திருப்பியதும் 0.07. அடுத்த கால் சுற்றில் 0.03-க்கு வந்து நின்றது. ஷாஃப்ட் ஒன்றுதான், ஹப் ஒன்றுதான், உட்காரும் இடம் மாறினதில் இவ்வளவு வித்தியாசம். பட்டறைக்காரரே ஆச்சரியப்பட்டுப்போய், பொம்மை ஹெலிகாப்டருக்கா இவ்வளவு என்று கேட்டார். பொம்மை இல்லை அண்ணா என்று சொல்லி, பிளேடைக் கையில் கொடுத்தேன்.

இனி எரிபொருள். இதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

இது என் பாடம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நைட்ரோ எரிபொருள் என்று பெயர் இருந்தாலும் அதில் பெரும்பங்கு மெத்தனால். ஹெலிக்கு விற்கிற கலவையில் நைட்ரோமீத்தேன் பொதுவாக 15 முதல் 30 சதவீதம், எண்ணெய் இருபது சதவீதத்தை ஒட்டி, மீதி மெத்தனால். உங்கள் 37-க்கு 15 சதவீத நைட்ரோ தாராளமாகப் போதும்.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. க்ளோ பிளக்கில் பிளாட்டினம் கலந்த ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றரை வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்து அதைப் பழுக்கக் காய்ச்சுகிறோம். ஓடத் தொடங்கியதும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். அழுத்தத்தின் சூடும், பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் வினைபுரியும் சூடும் சேர்ந்து சுருளை அணையாமல் வைத்திருக்கின்றன. பெட்ரோலில் இந்த வினை இப்படி நடக்காது, அதனால்தான் அதை இதில் ஊற்றினால் ஓடாது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 பங்கு, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்கு போதும், ஏனென்றால் அது தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. ஒரே அளவு காற்றுக்கு அதிக எரிபொருளை எரிக்க முடிவதால்தான் இத்தனை சின்ன எஞ்சினில் இவ்வளவு சக்தி. டேங்க் சீக்கிரம் காலியாவதும் அதனால்தான்.

எண்ணெயும் எரிபொருளோடுதான் போக வேண்டும், இந்த எஞ்சினுக்கு வேறு உயவு கிடையாது. அதில் ஒரு பகுதி நம் ஊர் விளக்கெண்ணெய்தான், ஆமணக்கு. மிகச் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதால் நூறு வருஷத்துக்கு முன் விமான எஞ்சின்களிலேயே ஊற்றினார்கள். ஆனால் மளிகைக் கடைப் பாட்டிலை வாங்கிக் கலக்காதீர்கள். பசை நீக்கிச் சுத்தம் செய்தது வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் மேல் அரக்குப் படியும்.

இப்போது முக்கியமானது. மெத்தனால் விஷம். வாயில் போனால் பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும், அதனால் நைட்ரைல் கையுறை போடுங்கள். பட்டப்பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரோடு கலக்கும் திரவம் என்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம், ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது இதே மெத்தனால் கலந்த சாராயம்தான். தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலையும் கட்டுப்படுத்தும் 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, உரிமம் என்பது விளையாட்டில்லை. கெமிக்கல் கடையில் தெரிந்தவரிடம் சொல்லி ஒரு கேன் வாங்கிவிடலாம் என்று யாரும் யோசிக்க வேண்டாம். முறையாக விற்கும் மாடல் கடையில் கலந்த எரிபொருளை பில்லோடு வாங்குங்கள். வைத்திருப்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் நேராகக் கேட்டுவிடுங்கள். வீட்டில் வைக்கிற கேனுக்குப் பூட்டு வேண்டும், மேலே தமிழில் பெரிதாக விஷம் என்று எழுதி ஒட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

வால்_கைரோ

குறுக்கே வந்து கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இத்தனை தொல்லைக்கு எலக்ட்ரிக்கே போதுமே? பேட்டரி மாட்டினால் பறக்கிறது, துடைக்க எண்ணெயும் இல்லை.

சிங்கை_சுழலி

தப்பே இல்லை. புதிதாகப் பணம் போட்டு ஆரம்பிக்கிறவரிடம் நானும் எலக்ட்ரிக் என்றுதான் சொல்வேன். ஆனால் டேங்கை நிரப்பினால் அடுத்த நிமிஷமே பறக்கலாம், மைதானத்தில் சார்ஜருக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது நைட்ரோவின் சௌகரியம். அதோடு இவரிடம் கிட்டே கையில் இருக்கிறது. பரணிலேயே கிடக்கவிட மனசு வருமா?

1970 வாக்கில் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் ரேடியோ ஹெலிகாப்டரை ஒழுங்காகப் பறக்கவைத்தபோது கைரோ கிடையாது, மூன்றச்சு எதுவும் கிடையாது. இந்த எஞ்சின், இந்த ஃப்ளைபார், மனுஷன் கை, அவ்வளவுதான். அந்த வழியில் வந்த ஒரு இயந்திரத்தைத் தன் கையால் கட்டிப் பார்ப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஈரோடு_ஹெலி

ஹெலி முழுசாகக் கட்டியாயிற்று. எரிபொருளும் கடையில் பில்லோடு வாங்கியாயிற்று. ரேடியோ அமைப்புக்கு யாராவது ஆரம்ப எண்கள் சொன்னால் நன்றாக இருக்கும். ஊருக்கு வெளியே பெரியப்பாவின் தரிசு நிலத்தில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்யப்போகிறேன். ட்ரோன் பறக்கவிடுவதற்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம்தான், பார்த்துவிட்டேன்.

சிங்கை_சுழலி

பிட்ச் கேஜ் இல்லாமல் எண் போடாதீர்கள். ஸ்டிக் நடுவில் 5, 5.5 டிகிரி, அங்கேதான் ஹோவர். முழுக்க மேலே 9, 10. முழுக்கக் கீழே மைனஸ் 2 போதும். இதற்கு மேல் மைனஸ் வைத்தால் பதற்றத்தில் ஸ்டிக்கை இழுக்கும்போது தரையில் மோதும். ஸ்டிக் பாதியில் கார்புரேட்டர் வாயும் பாதி திறந்திருக்க வேண்டும், சர்வோ ஆர்ம் அப்போது கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இதை ரேடியோவில் சரிக்கட்டாமல் லிங்க் நீளத்திலேயே கொண்டுவாருங்கள்.

சிக்னல் போனால் த்ராட்டில் ஐடிலுக்கு (எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) வரும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள். வைத்துவிட்டு, எஞ்சின் ஓடாதபோது ரேடியோவை அணைத்து கார்புரேட்டரைக் கண்ணால் பாருங்கள்.

இப்போது பாதுகாப்பு, இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். 550 மி.மீ. பிளேடு, தலையோடு சேர்த்து வட்டத்தின் விட்டம் 1.24 மீட்டர். நிமிஷத்துக்கு 1600 சுற்று என்றால் பிளேடு நுனி விநாடிக்கு 104 மீட்டர் போகிறது, மணிக்கு 374 கிலோமீட்டர். 2013-இல் நியூயார்க் புரூக்ளின் பூங்காவில் 19 வயது இளைஞர் ஒருவர் தன் மாடல் ஹெலியின் பிளேடு பட்டே இறந்துபோனார். அவர் கைதேர்ந்தவர்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஐடில்-அப் சுவிட்ச் (ஸ்டிக் கீழே இருந்தாலும் எஞ்சினை வேகத்திலேயே வைப்பது) அணைந்திருக்கிறதா, த்ராட்டில் கீழே இருக்கிறதா என்று சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள். ஐடில்-அப் போட்டபடி எஞ்சின் பிடித்தால் கிளட்ச் அந்தக் கணமே கவ்விவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒரு கையால் தலையைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். எஞ்சின் பிடித்து, க்ளோ இக்னைட்டரை எடுத்து, தலையைப் பிடித்தபடியே ஹெலியைத் தூக்கிக்கொண்டு ஆட்களை விட்டுத் தள்ளிப் போய் வையுங்கள். ஹோவருக்கு நீங்கள் நிற்கும் தூரம் பத்து மீட்டருக்குக் குறையக் கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் உங்களுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி.

டொராண்டோ_பறவை

எஞ்சின் பற்றி நான் சொல்லுறன். மெயின் நீடிலைக் கையேட்டில சொன்னதை விடக் கால் சுற்று கூடுதலாகத் திறந்து வையுங்கோ. முதல் சில டேங்க் எல்லாம் அப்பிடியே, எரிபொருள் தாராளமாக, வெள்ளைப் புகை பின்னால தடித்துப் போகவேணும். சத்தம் கரகரவெண்டு இருக்கும், சக்தி குறைவாக இருக்கும், பரவாயில்லை. தரையை விட்டு மெதுவாக எழும்பி ஹோவர் மட்டும்.

பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு கிளிக் மட்டும் மூடுங்கோ. ஏறும்போது புகை குறைஞ்சு, சத்தம் மெல்லிசாகி, சுற்று குறையுற மாதிரித் தெரிஞ்சால் உடனே இறக்குங்கோ, எரிபொருள் போதவில்லை எண்டு அர்த்தம். ஏறும்போது புகை நிறைய வந்தும் இழுக்கவில்லை எண்டால் அது எரிபொருள் கூடிப்போனது. இரண்டிலயும் சக்தி குறையும், புகையைப் பார்த்துத்தான் பிரிக்கவேணும்.

ஐடிலுக்கு: தலையைப் பிடிச்சுக்கொண்டு எரிபொருள் குழாயை விரலால் நசுக்குங்கோ. இரண்டு மூன்று விநாடி கழிச்சு, சுற்று கொஞ்சம் ஏறி அணைஞ்சால் சரி. நசுக்கின உடனேயே அணைஞ்சால் லோ நீடில் (ஐடிலுக்கான நீடில்) இறுக்கம், எரிபொருள் போதவில்லை. கனநேரம் ஓடினால் தாராளம். இறக்கினதும் எஞ்சின் பின்மூடியில விரலை வைச்சுப் பாருங்கோ. ஐந்து விநாடி வைக்கக்கூடிய சூடு எண்டால் நல்லது.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

அதோடு நம் ஊர் வெயில். 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி குறைவு, சக்தியும் குறையும். சக்தி குறைகிறதே என்று நீடிலை மூடிக்கொண்டே போகாதீர்கள், ஏற்கெனவே குளிர்ச்சி போதாத எஞ்சின் கருகிவிடும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பறந்து முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் எரிந்து தானாக அணையும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். பிறகு ஆஃப்டர்-ரன் எண்ணெய் சில சொட்டு விட்டு, ஸ்டார்ட்டரால் ஒரு சுற்று. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அப்படியே வைத்தால் அடுத்த வாரம் பேரிங்கில் துரு.

ஈரோடு_ஹெலி

பறந்துவிட்டது! இன்று காலை, சாய்ந்து விழாமல் இருக்க அடியில் டிரெய்னிங் கியர் (அகலக் கால்கள்) மாட்டி. எஞ்சின் சீக்கிரமே பிடித்தது. இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு பிளேடு நுனியில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தேன். கண் மட்டத்தில் பார்க்கும்போது சிவப்பு கொஞ்சம் மேலே ஓடியது, லிங்க்கை அரைச் சுற்று குறைத்ததும் இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்தன. டெயில் கொஞ்சங்கூட அலையவில்லை. அந்த வாசனையும் சத்தமும், எலக்ட்ரிக்கில் இல்லாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது.

ஒரு பிரச்சினை. டேங்க் பாதிக்கு மேல் காலியானதும் எஞ்சின் சத்தம் மெல்லிசாகி, புகை நின்றுபோகிறது. உடனே இறக்கிவிட்டேன். மறுபடி நிரப்பினால் சரியாகிறது, பாதியில் மறுபடி அதே. குழாயில் காற்றுக் குமிழி தெரிகிறது. அதிர்வால் நுரைக்கிறதா?

லேத்_பட்டறை

குமிழி எப்படி இருக்கிறது? பால் மாதிரி பொடி நுரை என்றால் அதிர்வு. தனித்தனியாக, பெரிதாக, இடைவெளி விட்டு வந்தால் காற்று எங்கோ உள்ளே புகுகிறது.

ஈரோடு_ஹெலி

தனித்தனிதான் அண்ணா. அரிசி மணி அளவு, இரண்டு மூன்று வரும், அப்புறம் நிற்கும்.

லேத்_பட்டறை

அப்படியானால் நுரை இல்லை, 0.03 வைத்த ஃபேனில் நுரை வரவும் கூடாது. டேங்கைக் கழற்றுங்கள். ஒரு குழாயை அடைத்துவிட்டு, இன்னொன்றில் ஊசி இல்லாத சிரிஞ்ச் மாட்டி, டேங்கை வாளித் தண்ணீரில் முக்கி மெதுவாகக் காற்றை அழுத்துங்கள். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. எனக்கென்னவோ அந்தப் பழைய க்ரோமெட் மேல்தான் சந்தேகம். எரிபொருள் மட்டம் அதற்கு மேல் இருக்கும்வரை ஓட்டை வழியாக எரிபொருள்தான் கசியும். மட்டம் கீழே இறங்கியதும் குழாயும் க்ரோமெட்டும் சேரும் இடத்தில் காற்று புக ஆரம்பிக்கும். பாதி டேங்கில் வருவது அதனால்தான்.

ஈரோடு_ஹெலி

அதேதான். க்ரோமெட் ஓரத்தில் வரிசையாகக் குமிழி வந்தது. கழற்றும்போதே இரண்டாகக் கிழிந்துவிட்டது. சொல்லி வைத்த புதியது நேற்று கூரியரில் வந்தது. மாட்டி, மறுபடி தண்ணீரில் முக்கிப் பார்த்து, இன்று காலை ஒரு டேங்க் கடைசிவரை ஓட்டினேன். புகை ஒரே சீராக வந்தது. பின்மூடியில் விரல் வைத்தால் தாங்கும் சூடுதான்.

சிங்கை அண்ணா, டிரெய்னிங் கியரை எப்போது கழற்றலாம்?

சிங்கை_சுழலி

450-இல் எட்டு போடுகிறவருக்கு அது ரொம்ப நாள் வேண்டாம். ஆனால் பிரேக்-இன் டேங்குகள் (புது எஞ்சினைப் பழக்கும் முதல் சில டேங்குகள்) முடியட்டும், எஞ்சின் நடுவில் அணையாது என்ற நம்பிக்கை வரட்டும். அதற்கிடையில் சிமுலேட்டரில் த்ராட்டில் ஹோல்ட் (எஞ்சினை ஐடிலிலேயே நிறுத்தும் சுவிட்ச்) போட்டு ஆட்டோரொட்டேஷன் (எஞ்சின் சக்தி இல்லாமல் பிளேடின் சுழற்சியிலேயே இறங்குவது) பழகுங்கள். நைட்ரோவில் எஞ்சின் ஒருநாள் காற்றில் அணையத்தான் செய்யும். அப்போது பிட்சைக் கீழே இறக்கிச் சுழற்சியைக் காப்பாற்றி, தரைக்கு மேல் ஒரு மீட்டரில் மெதுவாக இழுக்க வேண்டும். நிஜ ஹெலியில் ஹோல்டுக்குத் தனி பிட்ச் கர்வ் (ஸ்டிக் நிலைக்கேற்ற பிட்ச் அளவு), மைனஸ் 4 முதல் பிளஸ் 11 வரை வையுங்கள்.

லேத்_பட்டறை

அடுத்த டேங்குக்கு முன் எல்லாத் திருகையும் ஒரு சுற்று தொட்டுப் பாருங்கள், முக்கியமாக எஞ்சின் மவுண்ட்டும் சைலன்சரும். சூடாகி ஆறிய பிறகு முதலில் தளர்வது அவைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெருந்துறையில் வேலை இருக்கிறது. காலையில் சீக்கிரம் நிலத்துக்கு வந்துவிடுகிறேன், பிட்ச் கேஜும் டேக்கோமீட்டரும் எடுத்து வருகிறேன். தலை வேகத்தை அளந்துவிட்டு ஹோல்ட் கர்வை அங்கேயே போட்டுவிடலாம்.